வருஷா வருஷம் வேஷம் மாற்றும் ‘ஃப்ளூ’!

“போன வருஷம்தானே டாக்டர் ஃப்ளூ ஊசி போட்டேன்? மறுபடியும் போடச் சொன்னா எப்படி? தட்டம்மைக்குச் சின்ன வயசுல போட்டதோட சரி... இது என்ன, வருஷா வருஷம் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டற மாதிரி?”

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, வன்னியம்பட்டிப் பக்கம் குடியிருப்பவர் கேட்ட கேள்வி இது. மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கேள்வியில் கொஞ்சம் எரிச்சல் இருந்தாலும் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிற ஊசி, ஒரே வருஷத்தில் பழசாகிவிடுகிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

கோளாறு ஊசியில் இல்லை. எந்த வைரஸைப் பார்த்து அந்த ஊசியைத் தயாரித்தார்களோ, அந்த வைரஸ் போன வருஷம் இருந்த மாதிரி இந்த வருஷம் இல்லை. அதுதான் விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மூக்கு ஒழுகி, நாலு தும்மல் போட்டுவிட்டு, மிளகு ரசத்தில் சரியாகிவிடுகிற சமாச்சாரத்துக்கெல்லாம் ‘ஃப்ளூ’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது சாதாரண ஜலதோஷம். அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் வேறு வைரஸ்கள். நிஜமான ஃப்ளூ, அதாவது இன்ஃப்ளுயன்ஸா, ஆளை அடித்துப் போடும். காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் 102 டிகிரி காய்ச்சலில் சுருண்டு கிடப்பார். கை கால் எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, தலைவலி, வறட்டு இருமல். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சர்க்கரை, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தைகளுக்கும் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். வன்னியம்பட்டிக்காரருக்கு டாக்டர் மறுபடி ஊசி போடச் சொன்னதும் அதனால்தான்.

ப்ரூஃப் பார்க்க ஆள் இல்லாத அச்சகம்

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு... அவ்வளவுதான் ஃப்ளூ வைரஸின் அளவு. தானாக வளர அதற்குத் தெரியாது. நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயில் இருக்கிற செல்களுக்குள் புகுந்து, அங்கே உள்ள தளவாடங்களைக் கொண்டே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்துக்கொள்ளும்.

அதன் மேல்பக்கம் முள் முள்ளாக இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ‘ஹீமக்ளுட்டினின்’. நம் செல்லின் கதவைத் திறக்கிற சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ‘நியூராமினிடேஸ்’. பிரதி எடுத்து முடிந்ததும் புது வைரஸ்களை அந்தச் செல்லிலிருந்து அறுத்து வெளியே அனுப்புகிற கத்திரிக்கோல். பேப்பரில் ‘ஹெச்1 என்1’, ‘ஹெச்3 என்2’ என்றெல்லாம் போடுகிறார்களே, அந்த ‘ஹெச்’ சாவி எந்த ரகம், ‘என்’ கத்திரி எந்த ரகம் என்பதைச் சொல்கிற நம்பர்தான். வேறு மர்மம் ஒன்றுமில்லை.

உள்ளே இருப்பது மரபுச் செய்தி. நம் உடம்பில் அது டி.என்.ஏ. வடிவில் இருக்கிறது. ஃப்ளூ வைரஸில் ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. மொத்தம் சுமார் 13,500 எழுத்துக்கள். அவ்வளவும் ஒரே சுருளாக இல்லை. எட்டுத் தனித்தனித் துண்டுகள். இந்த ‘எட்டு’ என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பத்திரிகை ஆபீஸில் ப்ரூஃப் ரீடர் என்று ஒருவர் இருப்பார். ‘பால்கோவா’ என்பது ‘பல்கோவா’ என்று அச்சாகி வந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருத்துவார். நம் செல்கள் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது இப்படித் திருத்துவதற்கு ஏற்பாடு உண்டு. ஃப்ளூ வைரஸுக்கு அது கிடையாது! கண்ணை மூடிக்கொண்டு வேகமாகப் பிரதி எடுத்துத் தள்ளும். கிட்டத்தட்ட ஒரு முழுப் பிரதிக்கு ஒரு எழுத்துப்பிழை என்ற கணக்கில் தப்பு விழும்.

பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கெடுதல். சாவி வளைந்துபோனால் கதவு திறக்காது, அந்த வைரஸ் அத்தோடு சரி. சில பிழைகளால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் எங்கேயோ ஒன்று, சாவியின் பல்லைக் கெடுக்காமல் பிடியின் வடிவத்தை மட்டும் லேசாக மாற்றிவிடுகிறது. அதுதான் நமக்கு வினை.

ஏன் என்றால், நம் உடம்பின் காவல்காரர்களான ஆன்டிபாடிகள் வைரஸை அடையாளம் கண்டுபிடிப்பதே அந்தப் பிடியைப் பார்த்துத்தான். பழைய சினிமாவில் கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்தால் வில்லனின் ஆட்களுக்கு அவரைத் தெரியவே தெரியாது, இல்லையா? தியேட்டரில் நமக்குச் சிரிப்பு வரும். நம் உடம்பில் நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது. போன வருஷம் காய்ச்சலிலோ ஊசியிலோ உண்டான ஆன்டிபாடி, மரு ஒட்டிய வைரஸைப் பார்த்துச் சற்றுத் தடுமாறும். நாலைந்து வருஷத்தில் நாலைந்து மரு சேர்ந்துவிட்டால் கோட்டை விட்டுவிடும்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘வைரஸ் புத்திசாலித்தனமாக மாறிக்கொள்கிறது’ என்று சொல்வது பேச்சு வழக்கு. அதற்கு ஏது புத்தி? கண்டபடி விழுகிற பிழைகளில், நம் காவலில் சிக்காதது பிழைத்துப் பெருகுகிறது, சிக்கியது அழிந்துபோகிறது. டார்வின் சொன்ன பரிணாமம்தான். குரங்கு மனிதனானதற்கு லட்சக்கணக்கான வருஷங்கள் என்று ஸ்கூலில் படித்தோம். ஃப்ளூ வைரஸில் அதே பரிணாமத்தை இரண்டு தீபாவளிக்கு நடுவில் பார்த்துவிடலாம்.

“தட்டம்மையும் ஆர்.என்.ஏ. வைரஸ்தானே, அது மட்டும் ஏன் மாறவில்லை?” என்று விவரமானவர்கள் கேட்கலாம். அதிலும் பிழைகள் விழத்தான் செய்கின்றன. ஆனால், அதன் சாவியில் நம் ஆன்டிபாடி பிடிக்கிற இடமும் கதவைத் திறக்கிற இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அங்கே மரு ஒட்டினால் கதவு திறக்காது. வேஷம் போட்டால் பிழைப்பு கெடும். அதனால்தான் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய தடுப்பூசி இன்றைக்கும் அதை மடக்கிவிடுகிறது.

பெட்டி மாறிப்போன கதை

இதுவரை சொன்னது சில்லறை மாற்றம். மொத்தமாக வேறு ஆளாகவே மாறிவிடுவதும் உண்டு. அதற்குத்தான் அந்த எட்டுத் துண்டுகள்.

இரண்டு குடும்பங்கள் ஒரே பஸ்ஸில் வருகின்றன. ஒவ்வொன்றிடமும் எட்டுப் பெட்டிகள். வன்னியம்பட்டி விலக்கில் இறங்கும்போது இருட்டு, மழை, அவசரம். கிடைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஐந்து பெட்டி நம்முடையது, மூன்று பெட்டி அவர்களுடையது! ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே சமயத்தில் புகுந்துவிட்டால் இதேதான் நடக்கும். வெளியே வருகிற புது வைரஸ்களில் சிலவற்றில், இதன் துண்டுகள் கொஞ்சம், அதன் துண்டுகள் கொஞ்சம் இருக்கும்.

ஃப்ளூ வைரஸின் பூர்வீக வீடு மனிதன் இல்லை. வாத்து முதலான நீர்ப்பறவைகள். அவற்றின் வயிற்றில் பதினாறுக்கும் மேற்பட்ட ‘ஹெச்’ ரகங்கள் சாதுவாகக் குடியிருக்கின்றன. பறவை வைரஸின் சாவி மனிதத் தொண்டையின் பூட்டில் சுலபமாகத் திரும்பாது. பன்றிக்கோ இரண்டு விதப் பூட்டும் உண்டு. பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே பன்றியில் சந்தித்தால், அங்கே பெட்டி மாறலாம். அப்படி வருகிற புது வைரஸை உலகத்தில் யாருடைய ஆன்டிபாடியும் முன்னே பின்னே பார்த்தது கிடையாது. அப்போதுதான் ஊர் ஊராக, நாடு நாடாகப் படுக்கும்.

மெட்ராஸ் துறைமுகம், 1957 மே

இப்படி ஒரு வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் எது தெரியுமா? நம் மெட்ராஸ்தான்!

1957-ன் தொடக்கத்தில் தெற்குச் சீனாவில் ஒரு புதுக் காய்ச்சல் கிளம்பியது. ஏப்ரலில் ஹாங்காங், அடுத்து சிங்கப்பூர். அந்தக் காலத்தில் மலேயா, சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினம், மெட்ராஸுக்கும் நடுவே ‘ரஜூலா’ போன்ற பயணிகள் கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தன. தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் போன நம் ஜனங்கள் ஊருக்கு வர அதுதான் வழி. சிங்கப்பூரில் காய்ச்சல் மும்முரமாக இருந்த மே மாதத்தில் அங்கிருந்து மெட்ராஸுக்கு வந்து சேர்ந்த கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் நோய் மெட்ராஸைத் தாண்டி நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அப்போது இந்தியாவின் இன்ஃப்ளுயன்ஸா மையம் இருந்ததும் நம் பக்கம்தான். நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில். அங்கிருந்த டாக்டர் ஐ.ஜி.கே. மேனன், அந்தக் காய்ச்சல் இந்தியாவில் பரவிய விதத்தை மாநிலம் மாநிலமாகத் தொகுத்து 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார். 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். பதிவான மரணங்கள் சுமார் 1,100. கணக்கில் வராமல் வீட்டிலேயே கஞ்சி குடித்துப் படுத்து எழுந்தவர்கள் எத்தனை பேரோ!

‘ஏஷியன் ஃப்ளூ’ என்று பெயர் பெற்ற அந்த வைரஸ் ‘ஹெச்2 என்2’ ரகம். பிற்பாடு அதன் எட்டுத் துண்டுகளையும் பிரித்துப் பார்த்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. ஐந்து துண்டுகள், அதுவரை மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருந்த பழைய ‘ஹெச்1 என்1’ வைரஸினுடையவை. சாவி, கத்திரி இரண்டும், பிரதி எடுக்கிற இயந்திரத்தின் ஒரு பாகமும், ஆக மூன்று துண்டுகள் பறவை வைரஸிலிருந்து வந்தவை. பெட்டி மாறிய கதையேதான். அந்த வைரஸுக்கு விஞ்ஞானிகள் வைத்துக்கொண்ட அடையாளப் பெயர்களில் ஒன்று ‘ஏ/சிங்கப்பூர்/1/57’. ரகம், ஊர், மாதிரி எண், வருஷம். ரயில்வே டிக்கெட் மாதிரி எல்லா விவரமும் அதிலேயே இருக்கும்.

புதிதாக வந்தது பழையதை அடியோடு விரட்டிவிட்டது. 1957-க்குப் பிறகு ‘ஹெச்1 என்1’ மனிதர்களிடம் காணாமலே போனது. 1968-ல் இன்னொரு பெட்டி மாற்றம், ‘ஹாங்காங் ஃப்ளூ’. சாவி மட்டும் ‘ஹெச்3’ ஆனது. இப்போது ‘ஹெச்2’-வின் முறை, அது மறைந்தது. அந்த ‘ஹெச்3 என்2’-வின் சந்ததிதான் இன்று வரை நம்மிடம் சுற்றுகிறது. 2023 மார்ச்சில் நாடெங்கும் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்தி, புதுச்சேரியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு லீவு விட வைத்ததே, அதுவும் இதேதான்.

1977-ல் ஒரு வேடிக்கை. காணாமல் போன ‘ஹெச்1 என்1’ திடீரென்று திரும்பி வந்தது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தால், 1950-ஐ ஒட்டிச் சுற்றிய வைரஸுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமே இல்லை! இருபத்தைந்து வருஷம் மனிதர்களிடையே சுற்றியிருந்தால் இதற்குள் நூற்றுக்கணக்கான பிழைகள் சேர்ந்திருக்க வேண்டும். எங்கோ ஓர் ஆராய்ச்சிக் கூடத்து ஃப்ரீஸரிலிருந்தோ, ஏதோ தடுப்பூசிப் பரிசோதனையிலிருந்தோதான் அது வெளியே வந்திருக்க வேண்டும் என்று பல நிபுணர்கள் கருதுகிறார்கள். எழுத்துப்பிழைகளை எண்ணியே வைரஸின் வயதைச் சொல்லிவிட முடிகிறது, பாருங்கள்.

பாட்டி தப்பித்தார், பேரன் படுத்தான்

எல்லாவற்றுக்கும் மூத்தது 1918-ல் வந்த கொள்ளைக் காய்ச்சல். முதல் உலகப் போரின் கடைசி மாதங்கள். பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள் என்பது குறைந்தபட்ச மதிப்பீடு. இரண்டு கோடிக்குப் பக்கம் என்பவர்களும் உண்டு. பம்பாய், மத்திய மாகாணங்களில் அடி பலம். மெட்ராஸ் மாகாணத்தில் ஒப்பிட்டால் கொஞ்சம் குறைவு. 1921-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, முந்தைய பத்து வருஷத்தைவிட ஜனத்தொகை குறைந்திருந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படி ஆனது அந்த ஒரு தடவைதான்.

அப்போது அது வைரஸ் என்றே யாருக்கும் தெரியாது. 1933-ல்தான் லண்டனில், கீரி மாதிரி இருக்கும் ‘ஃபெரட்’ என்ற பிராணியை வைத்து மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1918 வைரஸின் எழுத்துக்களைப் படித்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அலாஸ்காவின் உறைபனி நிலத்தில் புதைக்கப்பட்டிருந்த ஓர் உடலின் நுரையீரலிலிருந்தும், ராணுவ ஆஸ்பத்திரியில் பாதுகாத்து வைத்திருந்த திசுக்களிலிருந்தும் துண்டு துண்டாகச் சேர்த்து, 2005-ல் முழுவதையும் வாசித்து முடித்தார்கள். அதுதான் ‘ஹெச்1 என்1’ வம்சத்தின் தாத்தா.

இனி 2009-க்கு வருவோம். ‘பன்றிக் காய்ச்சல்’ வந்த வருஷம். மெக்ஸிகோ, அமெரிக்காவில் தலைகாட்டி, மே மாதம் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி, ஆகஸ்டில் புனேயில் முதல் மரணம். தமிழ்நாட்டிலிருந்து தொண்டைச் சளி மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பறந்தன. அதுவும் ‘ஹெச்1 என்1’-தான். ஆனால் பன்றி, பறவை, மனிதன் என்று மூன்று தரப்பு வைரஸ்களின் துண்டுகளும் பல காலமாகக் கலந்து கலந்து உருவான புது அவதாரம்.

வழக்கமாக ஃப்ளூ என்றால் கிழவர்களைத்தான் சாய்க்கும். 2009-ல் தலைகீழ். அறுபதைத் தாண்டியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இளவட்டங்களும்தான் அதிகம் படுத்தார்கள். காரணம் தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். 1957 வரை சுற்றிக்கொண்டிருந்தது 1918 வம்சத்து வைரஸ் என்று பார்த்தோம் அல்லவா? அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சின்ன வயதில் முதன்முதலாக வந்த ஃப்ளூ அந்த வம்சத்துடையது. புதிய பன்றி வைரஸின் சாவி, அந்தப் பழைய சாவியின் சாயலில் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் பார்த்த முகத்தைப் பாட்டியின் உடம்பு மறக்கவில்லை! 1957-ல் மெட்ராஸில் கரையிறங்கிய வைரஸ் பழைய வம்சத்தை விரட்டியதால், அதற்குப் பின் பிறந்த பலருக்கு அந்த நல்ல பழக்கம் வாய்க்கவில்லை.

அதற்காக, ‘நமக்கு வயசாச்சு, ஒண்ணும் ஆகாது’ என்று இருந்துவிடாதீர்கள். ‘ஹெச்3 என்2’ சுற்றுகிற வருஷங்களில் வயதானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். 2015-ல் இந்தியாவில் ‘ஹெச்1 என்1’ மறுபடி தலைதூக்கியபோது 42,000-க்கும் மேற்பட்டவர்களைப் பாதித்து, சுமார் 3,000 பேரைக் கொண்டுபோனது. ‘பன்றிக் காய்ச்சல்தான் போயிடுச்சே’ என்கிறோம். போகவில்லை. சாதாரணப் பருவக் காய்ச்சலாக நம்மோடேயே தங்கிவிட்டது.

கொரோனா இதே ரகமா?

இல்லை. கொரோனா வைரஸும் ஆர்.என்.ஏ.தான், ஆனால் 30,000 எழுத்து நீளம். அதற்கு ஓரளவு ப்ரூஃப் பார்க்கிற ஏற்பாடு உண்டு. அதனால் பிரதிக்குப் பிரதி விழுகிற பிழைகள் ஃப்ளூவைவிடக் குறைவு. அப்படியும், உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் வந்ததால், பிழை விழச் சந்தர்ப்பமும் கோடிக்கணக்கில் கிடைத்தது. 2020 கடைசியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட ‘டெல்டா’, 2021 நவம்பரில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கண்டறியப்பட்ட ‘ஒமிக்ரான்’ எல்லாம் அப்படி வந்தவை. இந்த எழுத்துக்களைப் படிக்க வெளி மாநிலத்துக்கு மாதிரிகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தமிழ்நாடு அரசு, 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் தனக்கென்று ஓர் ஆய்வகத்தைத் திறந்தது.

கொரோனா காலத்தில் ஃப்ளூவுக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. மாஸ்க், ஊரடங்கு, பள்ளி விடுமுறை, விமானங்கள் நிறுத்தம்... எல்லாம் சேர்ந்து ஃப்ளூவை உலகம் முழுக்கப் பட்டினி போட்டுவிட்டன. ‘பி’ ரக ஃப்ளூவில் ‘விக்டோரியா’, ‘யாமகாட்டா’ என்று இரண்டு கிளைகள் இருந்தன. 2020 மார்ச்சுக்குப் பிறகு யாமகாட்டா கிளை உலகத்தில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. ஒரு வைரஸ் வம்சமே அற்றுப்போய்விட்டது போலிருக்கிறது! நான்கு வைரஸ்களுக்கு எதிராகப் போட்டுவந்த ஊசியில் இனி அது தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து கொடுக்கிற சத்திரப்பட்டிக்காரர்களுக்கு ஒரு முழம் துணியின் மகிமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருஷ வேஷத்தை ஊகிப்பது

ஊசி விஷயத்துக்கு வருவோம். 1952-லிருந்து உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாக ஆய்வகங்களை வைத்து, எந்த ஊரில் எந்த ஃப்ளூ சுற்றுகிறது என்று வேவு பார்த்துக்கொண்டே இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை நிபுணர்கள் கூடுவார்கள். பிப்ரவரியில் கூடி, பூமியின் வடபாதியில் வரப்போகிற சீஸனுக்கு எந்த எந்த வைரஸை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். தென்பாதிக்குச் செப்டம்பரில். பிறகு கோழி முட்டைக் கருவில் அந்த வைரஸை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்து ஊசி மருந்தாக்க ஆறு மாதம் பிடிக்கும். (ஊசியில் இருப்பது செத்த வைரஸ். ‘ஊசி போட்டதாலதான் ஃப்ளூ வந்துச்சு’ என்பது நடக்காத காரியம். ஓரிரு நாள் கை வலி, லேசான காய்ச்சல் வரலாம், அவ்வளவே.)

இந்த ஆறு மாத இடைவெளியில் வைரஸ் சும்மா இருக்குமா? சில வருஷம் கணிப்பு பலிக்கும், சில வருஷம் தவறும். பொருத்தம் நன்றாக அமைந்த வருஷங்களில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அளவு ஃப்ளூ வருவதை நூற்றுக்கு 40 முதல் 60 வரை ஊசி குறைக்கிறது. 2014–15 சீஸனில் ‘ஹெச்3 என்2’ கடைசி நிமிஷத்தில் மரு ஒட்டிக்கொண்டதால், அமெரிக்காவில் பலன் 19 சதவீதத்தில் நின்றது. ‘பாதிக்குப் பாதிதான் பலன் என்றால் எதற்கு?’ என்று கேட்கலாம். சர்க்கரைக்காரருக்கு நிமோனியா வந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகிற பில்லை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். தவிர, ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் கடுமையாவதில்லை.

வேஷம் மாற்றுவது மருந்து விஷயத்திலும் உண்டு. ‘ஓசல்டாமிவிர்’ மாத்திரை, வைரஸின் அந்தக் கத்திரிக்கோலை மடக்கிப் பிடிக்கிற மருந்து. 2008-ல் அப்போது சுற்றிய ‘ஹெச்1 என்1’ வைரஸில் கத்திரியில் ஒரே ஒரு எழுத்து மாறி, அடுத்த வருஷத்துக்குள் உலகம் பூரா அந்த வைரஸுக்கு மருந்து பலிக்காமல் போனது! நல்ல வேளையாக 2009-ல் வந்த பன்றி வைரஸ் அதை ஓரங்கட்டியது. அதற்கு மருந்து கேட்டது, இன்றும் பெரும்பாலும் கேட்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். டாக்டர் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பாதி போட்டுப் பாதியை அலமாரியில் வைக்கிற வேலை வேண்டாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மருந்து. ஃப்ளூ வைரஸை அது தொடவே தொடாது. ஃப்ளூவின் பின்னாலேயே பாக்டீரியா நிமோனியா வந்தால் அப்போது தேவைப்படும், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

நம் ஊருக்கு எப்போது, யாருக்கு?

வட இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம்தான் ஃப்ளூ சீஸன். நமக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தானே? தமிழ்நாட்டில் அக்டோபர், நவம்பரை ஒட்டித்தான் அதிகம் வருகிறது. ஊசி போட்டு ஆன்டிபாடி உண்டாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஆடிப்பூரத் தேர் முடிந்து, மழை தொடங்குவதற்கு முன் போட்டுக்கொள்வது நல்லது. போடும்போது, பெட்டியின் மேல் எந்த வருஷத்து சீஸன் என்று அச்சிட்டிருக்கும். ‘புது சீஸன் மருந்துதானா?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள்... இவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் தடவையாகப் போடும்போது நாலு வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி. ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தைக்கு ஊசியே கிடையாது. கர்ப்பத்தில் அம்மா போட்டுக்கொண்டால் அந்த ஆன்டிபாடிதான் குழந்தைக்குக் காவல். முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோழி, முட்டை சாப்பிடலாமா என்று பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். நன்றாக வேக வைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. அந்த ‘ஹெச்5 என்1’ வைரஸின் சாவி இன்னும் மனிதத் தொண்டைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்திவிடுமோ என்றுதான் நிபுணர்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் யாருக்காவது வந்துவிட்டால், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்குகிற வேறொரு வியாதியில் அது கொண்டுபோய் விடலாம். போதாக்குறைக்கு நம் பக்கம் மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து வரும். டெங்குவில் ஆஸ்பிரின் ரத்தக் கசிவை அதிகமாக்கும். கஞ்சி, ரசம், இளநீர் என்று நீராகாரம் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, தொடங்கிய ஐந்து முதல் ஏழு நாள் வரை மற்றவர்களுக்கு ஒட்டும். அந்த நாட்களில் பிள்ளையை ‘அட்டெண்டன்ஸ் போயிடும்’ என்று ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். சர்க்கரை உள்ள தாத்தாவின் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள்.

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, பேச்சு குழறுவது, குழந்தை தண்ணீர் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது... இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. முக்கியமாக, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி அதிகமாகத் திரும்பினால் நிமோனியாவாக இருக்கலாம். ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.